செத்தவரை விமானம் ஏற்றிய சங்கம்

எங்கள் துறைமுகச் சுமைத் தொழிலாளர் சங்கத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறக் கூடாது. மாறினால் அடுத்த கூட்டத்தில் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பிவிடுவார்கள்.

முதல் அநீதி, 1979. துறைமுகத்துக்குள் கிரேனைக் கொண்டுவந்தார்கள். "கிரேனின் நிழலில் படுத்து மறிப்போம்" என்று தீர்மானம் போட்டோம். வாசகம் என்னுடையது. காலையில் நூற்றுப்பத்துப் பேர் நிழலில் படுத்தோம். வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது. தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நாங்களும் நகர்ந்தோம். மாலை நான்கு மணிக்கு நிழல் மதில் சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. நாங்களும் தாண்டிப் போய்ச் சாலையில் படுத்தோம். காவலாளி உள்ளேயிருந்து கதவைப் பூட்டிக்கொண்டான்.

இரண்டாம் அநீதி, 1986. மூட்டை ஏற்ற ஓடும் பெல்ட்டைக் கொண்டுவந்தார்கள். "பெல்ட்டில் சுமை வைக்க மாட்டோம், பெல்ட்டிலிருந்து சுமை எடுக்க மாட்டோம்" என்று இடுப்பளவு கடலில் இறங்கி நின்று சத்தியம் செய்தோம். சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறோம். பெல்ட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் அநீதி, 1993. காலவரையற்ற உண்ணாவிரதம் அறிவித்தோம். காலவரையற்றது என்றால் முடிவுக்கு மட்டுமல்ல, தொடக்கத்துக்கும் நாள் குறிக்கக் கூடாது என்று தலைவர் வாதாடினார். அதையும் தீர்மானமாக நிறைவேற்றினோம். ஆகவே அந்தப் போராட்டம் இன்னும் தொடங்கவில்லை. வாபஸும் வாங்கவில்லை. நிர்வாகம் அதைத் துளியும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அநீதி.

நான்காம் அநீதிதான் இந்தக் கதை. ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லிப் பாடை கட்டிப் போராடினோம். பாடையில் படுக்க ஓர் ஆள் வேண்டும். தூக்கப்போகிறவர்கள் எல்லோரும் அறுபத்தைந்து தாண்டியவர்கள் என்பதால், இருப்பதிலேயே ஒல்லியான பெ. பிச்சைக்கனியைப் படுக்கவைத்தோம். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒற்றை ரூபாய், கழுத்தில் சாமந்தி மாலை, எல்லாம் என் ஏற்பாடு. கூடவே ஒரு துண்டறிக்கையும் அச்சடித்தேன். "தோழர் பெ. பிச்சைக்கனியைக் கொன்றது ஓய்வூதியக் கழகமே!" அதில் ஒரு பிரதியைக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன்.

கழகம் அதை மரண அறிவிப்பாக எடுத்துக்கொண்டது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டது. அவருடைய பென்ஷனை நிறுத்தியது. நாற்பது வருடத்தில் என் துண்டறிக்கையின் ஒரு வரியை நிர்வாகம் அப்படியே நம்பியது அந்த ஒரு தடவைதான்.

பதினான்கு மாதம் பிச்சைக்கனி செத்தவராகவே வாழ்ந்தார். "செத்தவருக்கு எதுக்கு நாலாவது இட்லி?" என்று அவர் சம்சாரம் தங்கபுஷ்பம் கேட்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் மனுமேல் மனுவாகப் போட்டோம். கடைசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கழகத்தின் நோட்டீஸ் வந்தது. 'தாங்கள் காலமாகிவிட்டதாகப் பதிவாகியுள்ளது. மறுப்பு ஏதும் இருந்தால், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்தில், மனுவில் கண்ட இரு சாட்சிகளுடன் நேரில் ஆஜராகவும். தவறினால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.'

அந்த இரண்டு சாட்சிகள், சங்கத் தலைவர் சவரிமுத்து அண்ணாச்சியும், செயலாளராகிய நானும்.

வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள். ரயிலில் இடம் இல்லை. மஸ்கட்டில் இருக்கும் தலைவரின் மருமகன், வியாழன் மத்தியானம் போகும் விமானத்தில் மூன்று டிக்கெட்டும், சென்னையில் ஒரு ஹோட்டல் அறையும் போட்டுக்கொடுத்துவிட்டார். நாங்கள் மூவருமே விமானத்தைக் கீழேயிருந்து அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம்.

நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கை. அச்சில் வந்ததை மீறி நடந்து எனக்குப் பழக்கமில்லை. ஆகவே பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையில் 'வானில் செல்வோருக்கு ஐம்பது யோசனைகள்' என்ற சிறு புத்தகத்தை வாங்கிவந்தேன். அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டு, ஐம்பது யோசனைகளையும் சங்கத்தின் தீர்மானங்களாக நிறைவேற்றினோம். விமானத்தில் போகப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதை வாங்கினவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் யோசனை: 'கனமான உடைகளைப் பையில் வைக்காமல் உடுத்திக்கொண்டால் சுமை குறையும்.'

"சுமையைப் பத்தி நமக்கே சொல்லித் தாரான் பாத்தியா?" என்றார் சவரிமுத்து அண்ணாச்சி. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். ஆளுக்கு மூன்று சட்டை, இரண்டு வேட்டி போட்டுக்கொண்டோம். அண்ணாச்சி அதற்கு மேலே தன் கல்யாணக் கோட்டையும் மாட்டினார். இப்போது மூன்று பையும் காலி.

"பை எதுக்குவே? சும்மாதான கெடக்கு. வச்சிட்டுப் போவோம்" என்றார் பிச்சைக்கனி.

நான் பக்கத்தைப் புரட்டினேன். "பதினோராம் யோசனை. 'உங்கள் பையை எக்காரணம் கொண்டும் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.'"

காலிப் பைகளை எடுத்துக்கொண்டோம்.

பதினான்காம் யோசனை: 'முக்கிய ஆவணங்களை ஒருவரே வைத்திருக்காமல், குழுவினர் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடையது தொலைந்தாலும் எல்லாம் தொலையாது.' எங்களிடம் இருந்த முக்கிய ஆவணம் கழகத்தின் நோட்டீஸ் ஒன்றுதான். அதைக் கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டினோம். அடித்துண்டு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்று ஒரு தகராறு வந்தது. சீட்டுக் குலுக்கித் தீர்த்தோம்.

விமான நிலையத்தில் வாசல் காவலர் எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார், எங்கள் சட்டைகளைப் பார்த்தார், உள்ளே விட்டார். டிக்கெட் காட்டும் இடத்தில் ஒரு பெல்ட் ஓடியது. பையைக் கையிலேயே கொண்டுபோகலாம் என்று அங்கிருந்த பெண் சொன்னதால் அதனிடமிருந்து தப்பினோம். சோதனை இடத்தில் இன்னொரு பெல்ட் காத்திருந்தது. அங்கே தப்ப வழியில்லை.

"பெரியவரே, பையை பெல்ட்ல வைங்க" என்றார் நாகர்கோவில் பக்கத்துக் காவலர் ஒருவர்.

"வைக்க முடியாது, தம்பி" என்றார் சவரிமுத்து அண்ணாச்சி.

"ஏன்?"

"எம்பத்தாறுல இருந்து வைக்கதில்ல."

காவலர் என்னைப் பார்த்தார். நான் செயலாளர் என்ற முறையில், பெல்ட்டால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்பதை ஆதியிலிருந்து விளக்கினேன். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. ஒரு குழந்தை அழுதது. அந்தக் காலத்தில் இத்தனை கூட்டம் எங்கள் மறியலுக்குச் சேர்ந்திருந்தால் பெல்ட்டே வந்திருக்காது.

"ஐயா, ஃபிளைட் போயிரும்" என்றார் காவலர்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விமானம் போனால் பிச்சைக்கனி நிரந்தரமாகச் செத்தவர். பெல்ட்டைத் தொட்டால் சத்தியம் செத்தது. அங்கேயே வட்டமாக நின்று கூட்டம் போட்டோம்.

"சத்தியம் பண்ணுனவன் சாவுற வரைக்கும் அதுல நிக்கணும்" என்றார் தலைவர்.

"சரி அண்ணாச்சி. செத்த பெறகு?" என்றேன்.

"செத்த பெறகு ஏதுவே சத்தியம்? செத்தவன் விடுபட்டவன்."

மூவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். கழகத்தின் பதிவுப்படி எங்களில் ஒருவர் விடுபட்டவர். பிச்சைக்கனி எங்கள் பைகளையும் வாங்கி, மூன்றையும் பெல்ட்டில் தானே வைத்தார். அந்தப் பக்கம் போய்த் தானே எடுத்தார்.

"இந்த மூணு பையும் உங்களுதா?" என்று அந்தப் பக்கம் இருந்த காவலர் கேட்டார்.

"ஒண்ணுதான் எனக்கு."

"மத்த ரெண்டு?"

"அது உயிரோட இருக்கவங்களுது."

பிச்சைக்கனியை ஓரமாக நிறுத்தினார்கள். பைகளைத் திறந்தார்கள். "ஒண்ணுமே இல்லையே!" என்றார் காவலர், ஏதாவது இருந்திருந்தால் பயப்படுவதைவிட அதிகமாகப் பயந்து. எங்களையும் கூப்பிட்டு, "கையைத் தூக்குங்க" என்றார். மூன்று பேரும் தூக்கினோம். சவரிமுத்து அண்ணாச்சி பழக்கதோஷத்தில் எண்ணினார். "மூணு. எதிர்ப்பு யாருமில்ல. நிறைவேறிச்சு."

"என்ன தீர்மானம் அண்ணாச்சி?" என்று காதோரம் கேட்டேன்.

"தெரியல. ஏகமனதா நிறைவேறிச்சுன்னு எழுதிக்கோ."

முதல் சட்டைக்குள் தடவி, இரண்டாம் சட்டையைக் கண்டு, மூன்றாம் சட்டைக்கு வந்தபோது காவலர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டுவிட்டார். நாங்கள் நோட்டீஸின் மூன்று துண்டையும் எடுத்து மேசையில் ஒட்டவைத்துக் காட்டினோம். மேலதிகாரி அதைப் படித்தார். பிச்சைக்கனியை வெகு நேரம் பார்த்தார். மறுபடி படித்தார். "இவங்களை முதல்ல ஏத்தி அனுப்புங்க" என்றார். நாற்பது வருடம் தொழிற்சங்கம் நடத்தியும் எனக்குக் கிடைக்காத மரியாதை, மூன்று சட்டை போட்டதற்குக் கிடைத்தது.

விமானத்தில் ஒரு பெண் நடைபாதையில் நின்று செய்துகாட்ட, தமிழில் அறிவிப்பு வந்தது. 'காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து முகமூடிகள் விழும். முதலில் உங்கள் முகமூடியை அணிந்துகொண்டு, அதன் பிறகு மற்றவர்களுக்கு உதவுங்கள்.'

சவரிமுத்து அண்ணாச்சி எழப் பார்த்தார். இடுப்பு வார் விடவில்லை.

"கேட்டியா செயலாளரே? 'முதல்ல உனக்கு, பெறகு அடுத்தவனுக்கு'! இதுக்கா நாம சங்கம் வச்சோம்?"

"கிரேனும் அப்படித்தான் பேசிச்சு" என்றேன் கசப்போடு. கிரேன் எதுவும் பேசவில்லைதான். ஆனால் அந்த நேரத்துக்கு அது பொருத்தமாக இருந்தது.

"எனக்கு எப்பிடி?" என்று கேட்டார் நடுவில் உட்கார்ந்திருந்த பிச்சைக்கனி. "செத்தவனுக்கும் முகமூடி உண்டுமா?"

தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினேன். செய்துகாட்டிய பெண்ணே வந்தார். சட்டையில் ஷைனி என்று பெயர் குத்தியிருந்தது. நான் திருத்தத்தை வாசித்தேன். "'முதலில் உங்கள்' என்பதை நீக்கிவிட்டு, 'எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர்' என்று சேர்க்கணும். தலைவர் முன்மொழிஞ்சாரு. நான் வழிமொழிஞ்சேன்."

"சரிங்க ஐயா, கேப்டன்கிட்ட சொல்றேன்" என்றார் அந்தப் பெண், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். எங்கள் வாழ்நாளில் ஒரு நிர்வாகம் ஒரு கோரிக்கையை இத்தனை வேகமாக மேலே அனுப்பியதில்லை. அந்த மகிழ்ச்சியில் மூவரும் ஒத்திகை பார்த்தோம். நான் அண்ணாச்சியின் மூக்கைப் பொத்தினேன், அண்ணாச்சி பிச்சைக்கனியின் மூக்கைப் பொத்தினார், பிச்சைக்கனி என் மூக்கைப் பொத்தினார். சென்னை வரும்வரை யாருக்கும் நன்றாக மூச்சு வரவில்லை. ஒற்றுமைக்கு முன்னால் அது பெரிதல்ல.

இறங்கும்போது இருபத்தாறாம் யோசனை: 'விமானம் நின்றதும் முண்டியடிக்காதீர்கள். எல்லோரும் இறங்கிய பின் நிதானமாக இறங்குங்கள்.' நிதானமாக உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் இறங்கினார்கள். ஷைனி வந்தார்.

"ஐயா, எறங்கலாமே."

"நீங்க எறங்குங்கம்மா. எல்லாரும் எறங்கின பெறகுதான் நாங்க."

"பயணிகள் எறங்கின பிறகுதான் ஐயா நாங்க எறங்கணும். அதுதான் எங்க விதி."

"இது எங்க விதி."

ஒரு விதிக்கு இன்னொரு விதி இப்படி முகத்துக்கு முகம் நின்றதை நான் பேச்சுவார்த்தை மேசைகளில்கூடப் பார்த்ததில்லை. துடைப்பத்தோடு துப்புரவுப் பணியாளர்கள் வந்து, எங்கள் கால்களைத் தூக்கச் சொல்லிக் கூட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஷைனி பெருமூச்சு விட்டு, வாசலில் இருந்த படிக்கட்டில் ஒரு படி இறங்கினார். "எறங்கிட்டேன்" என்றார். நாங்கள் இறங்கினோம். அவர் மறுபடி ஏறிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் 1979-இல் துறைமுக நிர்வாகத்தில் இருந்திருந்தால் இத்தனை வழக்கு நடந்திருக்காது.

ஹோட்டலில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம். பிரச்சினை காலையில் வந்தது.

சவரிமுத்து அண்ணாச்சி குளித்துவிட்டு, லுங்கியும் பனியனுமாக, கீழே காப்பி குடித்துவரப் போனார். எட்டரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் முப்பத்தொன்பதாம் யோசனையை எடுத்தேன். 'யார் தட்டினாலும், அவர் இன்னார்தான் என்று உறுதி செய்யாமல் அறைக்கதவைத் திறக்காதீர்கள்.'

"யாரு?" என்றேன்.

"நான்தாம்வே."

"நான்தான்னா?"

"சவரிமுத்து! தொறயும்!"

கதவில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். சவரிமுத்து மாதிரிதான் இருந்தது. ஆனால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் தெரிந்தது. தலைவருக்கு அப்படி இல்லை.

"அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டார் பிச்சைக்கனி.

"உள்ளதான கோட்டுல கெடக்கு!"

"அப்பம் உள்ள இருக்குது தலைவர் அட்டை. வெளிய நிக்கது யாரு?" என்று பிச்சைக்கனி என்னிடம் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

"நம்ம சங்கத்தின் ஏழாவது மாநாட்டில் நிறைவேறின மூணாவது தீர்மானம் என்ன?" என்று கதவுக்கு வெளியே கேட்டேன்.

"எனக்கு எப்பிடிவே ஞாபகம் இருக்கும்? நான் அந்த மாநாட்டுல தூங்கிட்டிருந்தேன்!"

அது உண்மை. ஆனால் மாநாட்டில் நூற்றுமூன்று பேர் தூங்கினார்கள். அது அடையாளம் ஆகாது.

ஒன்பது மணி ஆனது. ஒன்பதரை ஆனது. ஹோட்டல் மேனேஜர் வந்து, "சார், இவர் உங்க ஆளுதான். நான் சொல்றேன்" என்றார். "உங்களை யாருக்குத் தெரியும்?" என்றோம். அவர் தொலைபேசியில் கூப்பிட்டும் அதையே சொன்னார். குரலை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது என்று புத்தகத்தில் தனியாகப் போட்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த பிச்சைக்கனி கடிகாரத்தைப் பார்த்தார். "வே, இன்னும் ஒன்றரை மணி நேரத்துல நான் மறுபடி செத்துருவேன்" என்றார். எனக்கும் கதவைத் திறந்துவிடத்தான் ஆசை. ஆனால் தீர்மானத்தைத் திருத்தத் தலைவர் வேண்டும். தலைவர் இல்லை. வெளியே நிற்பவர் தலைவரா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அப்போது வெளியே நின்ற ஆள் தொண்டையைக் கனைத்துவிட்டு, நடைபாதை அதிர ஒரு முழக்கம் போட்டார்.

"சுமை தூக்கும் தோழர் ஒற்றுமை!"

"ஓங்குக!" என்று நாங்கள் இருவரும் கத்தினோம். எங்கள் சங்கத்தில் முழக்கத்துக்குப் பதில் முழக்கம் உட்கார்ந்துகொண்டு போடக் கூடாது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்தும் போடக் கூடாது. வெளியே வந்து, முஷ்டியை உயர்த்திப் போட வேண்டும். வந்தோம். உயர்த்தினோம். பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. அண்ணாச்சியின் சட்டைகளும் கோட்டும் உள்ளே. மேனேஜர் சாவி எடுக்கக் கீழே போவதற்குள் பத்தே கால். நாங்கள் முதல் யோசனைப்படி அன்றைக்கும் மும்மூன்று சட்டை போட்டிருந்தது எத்தனை முன்னெச்சரிக்கை என்று பாருங்கள். நான் ஒரு சட்டையும் பிச்சைக்கனி ஒரு வேட்டியும் கழற்றித் தந்தோம். தலைவரைத் தலைவராக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆட்டோவில் கடைசிக் கூட்டம் நடந்தது. பொருள்: அதிகாரி பெயரைக் கூப்பிடும்போது என்ன செய்வது.

"இதுல பேச என்ன இருக்கு?" என்றார் சவரிமுத்து அண்ணாச்சி. "எம்பத்துநாலுல போலீஸ் பட்டியலோட வந்துச்சே, என்ன செஞ்சோம்? 'யாருலே ஆறுமுகப்பெருமாள்?'ன்னு ஒரே பேரத்தான் கூப்பிட்டான். முப்பத்துநாலு பேரும் எந்திச்சு 'நான்தான்'னு சொல்லல? முப்பத்துநாலு பேரும் ஆறுமுகப்பெருமாளாத்தான லாரில ஏறுனோம்?"

"ஏறுனோம்" என்றேன்.

"வெளிய விடுத வரைக்கும் எவனாவது சொந்தப் பேருக்குத் திரும்பிப் பாத்தானா?"

"பாக்கல அண்ணாச்சி. என் அம்மா வந்து கம்பிக்கு வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டும் நான் பாக்கல."

"அதான் சங்கம். அதிகாரி கையில பட்டியலோட ஒரு பேரக் கூப்பிட்டா, மூணு பேரும் எந்திக்கணும். கடைசிவரை அந்தப் பேருதான்."

எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. எழுந்ததை உட்காரச் சொன்னேன். மூன்று கைகள் உயர்ந்தன. ஆட்டோக்காரர் பதறி, "இன்னா சார், எறங்கணுமா?" என்று வண்டியை ஓரம்கட்டினார். அதிலும் ஐந்து நிமிடம் போனது.

பதினொன்றாக மூன்று நிமிடம் இருந்தபோது தலைமை அலுவலக அரங்குக்குள் நுழைந்தோம். இடதுபக்க பெஞ்சுகளில் 'இறந்ததாகப் பதிவானவர்கள்' என்றும், வலதுபக்க பெஞ்சுகளில் 'சாட்சிகள்' என்றும் காகிதம் ஒட்டியிருந்தது. இடதுபக்கம் பல மாவட்டத்துச் செத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். வலதுபக்கம் அவர்களுடைய சாட்சிகள், இருபதுக்குக் குறையாது. நாங்கள் மூவரும் பிரியாமல் இடதுபக்கம் உட்கார்ந்தோம்.

மேடையில் இருந்த அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிகளைச் சொன்னார். "பேரை மூணு தடவை படிப்பேன். விண்ணப்பதாரர் எழுந்து நின்னா உயிரோட இருக்கார்னு எழுதுவேன். அப்புறம் அவரோட சாட்சிகள் பேரையும் படிப்பேன். சாட்சிகளும் நம்மகிட்ட பென்ஷன் வாங்கறவங்கதான். மூணு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்காதவர் யாரா இருந்தாலும், விண்ணப்பதாரரோ சாட்சியோ, இல்லாதவர் பட்டியல்ல போயிடுவார். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

முதல் பெயரே எங்களுடையது. "பெ. பிச்சைக்கனி, தகப்பனார் பெயர் பெரியசாமி!"

"நான்தான்!" என்று மூன்று பேரும் எழுந்தோம்.

அதிகாரி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் பிச்சைக்கனி?"

"நான்தான்" என்றார் பிச்சைக்கனி.

"நான்தான்" என்றார் சவரிமுத்து அண்ணாச்சி.

"நான்தான்" என்றேன். முப்பத்துநாலு பேர் சொன்னபோது இருந்த கம்பீரம் மூன்று பேர் சொன்னபோதும் குறையவில்லை.

"மூணு பேருமா?"

"ஒருத்தர்மேல கை வச்சா மூணு பேர்மேலயும் வச்ச மாதிரிம்மா" என்றார் அண்ணாச்சி.

"நான் யார்மேலயும் கை வைக்கலையே!" அவர் கோப்பில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். அது முப்பது வருடத்துக்கு முந்தையது. தலையில் கோணிச்சாக்கு, மூக்குக்குக் கீழே மீசை. அந்தக் காலத்தில் எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் அதே சாக்கு, அதே மீசை. படம் எங்கள் மூன்று பேருக்கும் பொருந்தியது.

அவர் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிச்சைக்கனியின் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"செத்துட்டார்னு எழுதியிருக்கிற ஆளு ஒருத்தர் வந்தாலே போதும்" என்றார் கடைசியில். "இவர் மூணா வந்து நிக்கறார். இத்தனை பேர் முன்னாடி இவர் இல்லைன்னு நான் எப்படி எழுத?" பேனாவைத் திறந்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "விண்ணப்பதாரர் உயிருடன் இருக்கிறார். சந்தேகமில்லை. ஓய்வூதியம் தொடரலாம்."

பிச்சைக்கனி அழுதுவிட்டார். பதினான்கு மாதச் சாவு ஒரு கையெழுத்தில் முடிந்தது. எங்கள் சங்கத்தின் முதல் வெற்றி அது. அரங்கில் இருந்த செத்தவர்கள் சுண்டலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

"சரி, இவரோட சாட்சிகள்" என்றார் அதிகாரி அம்மா. "முதல் சாட்சி, அ. சவரிமுத்து!"

யாரும் எழவில்லை. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தன் பக்கத்தில் இருந்த பிச்சைக்கனியைப் பார்த்தார். பிச்சைக்கனி வலதுபக்க பெஞ்சுகளை எட்டிப் பார்த்தார்.

"சவரிமுத்து! சவரிமுத்து இருக்காரா?" மூன்று தடவை ஆனது. பேனா ஓடியது. "இல்லை."

சங்கத்தில் ஒரு தோழர் இல்லை என்று அறிவிக்கப்பட்டால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தோம். மூவரும் எழுந்து, தலையைக் குனிந்து, ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினோம். எங்களைப் பார்த்து அரங்கமே எழுந்தது. சவரிமுத்து அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளை மனசுக்காரன்" என்றார் தழுதழுத்து. "மாநாட்டுல தூங்குவான். அது ஒண்ணுதான் குறை."

உட்காரப் போனோம். அதற்குள் அதிகாரி அம்மா அடுத்த வரிக்கு விரலை நகர்த்திவிட்டார். ஒரு தடவை படித்தார். இரண்டாம் தடவை படித்தார். அந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ, இத்தனை தூரம் கூப்பிட்டும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்தால் மறுபடி எழவேண்டும் என்பதால் நின்றபடியே மூவரும் தலையைக் குனிந்தோம். இரண்டு பக்க பெஞ்சுக்காரர்களும் சாட்சியாக நிற்க, அதிகாரி அம்மா மூன்றாவது முறையாக, கடைசி வரிசைவரை கேட்கும்படி உரக்கப் படித்தார்:

"கோ. மாசானமுத்து, செயலாளர், துறைமுகச் சுமைத் தொழிலாளர் சங்கம்!"